கண்மாய் மரங்களிடம் கேட்ட உத்தரவு

பேயாண்டிப் பெரியப்பாவைத் தேடி வருகிறவர்கள் அவருடைய வீட்டுக்குப் போவதில்லை. ஊருக்கு வெளியே எந்தப் பக்கம் புகை எழும்புகிறது என்று பார்ப்பார்கள். அந்தப் பக்கமாக நடப்பார்கள். மரம் வெட்டுவதும், வெட்டிய மரத்தை மூட்டம் போட்டுக் கரியாக்குவதும்தான் அவருக்குத் தெரிந்த தொழில்.

எழுமலைப் பக்கம் பிறந்தவர். என் அம்மாவுக்கு மூத்தவளான ஒச்சாயிப் பெரியம்மாவைக் கட்டிக்கொண்டு, அலங்காநல்லூருக்கு வடக்கே இருக்கிற எங்கள் ஊருக்கு வந்துவிட்டார். பெரியம்மாவுக்கு அவளுடைய அப்பா கொடுத்த கொஞ்சம் புஞ்சை நிலம் இங்கே இருந்தது. அவருக்குச் சொந்தம் என்று இருந்தவை இரண்டு கோடாலிகள்தான். ஒல்லியான உடம்பு. எத்தனை தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணில் கறுப்பு போகாது. பக்கத்தில் வந்தால் புகை வாடை வரும். வெள்ளை வேட்டி கட்டி அவரை நான் பார்த்தது அவருடைய மகள் செல்லத்தாய் கல்யாணத்தில் மட்டும்தான்.

மூட்டம் போடுவதை ஒரு தடவை பார்த்தவர்களுக்கு மறக்காது. கட்டைகளை நெருக்கமாக, ஆள் உயரத்துக்கு மேலே கூம்பாக அடுக்குவார். அதன்மேல் பச்சை இலையும் வைக்கோலும் பரப்பி, ஈரமண்ணைப் பூசி, உள்ளே நெருப்பு வைப்பார். சுற்றிலும் கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் இருக்கும். முதலில் வெள்ளைப் புகை வரும், பிறகு மஞ்சள் கலந்து வரும், ஏழெட்டு நாள் கழித்து மெல்லிசாக நீலப் புகை வரும். நீலம் கண்டதும் ஓட்டைகளை அடைத்துவிட வேண்டும். கொஞ்சம் தவறினால் உள்ளே கரி இருக்காது, சாம்பல்தான் இருக்கும். அவர் வீட்டில் கஞ்சி குடித்துக்கொண்டிருக்கும்போதே மூக்கை நிமிர்த்தி, "தெக்காம மண்ணு வெடிச்சிருக்கு" என்று எழுந்து போவார். போய்ப் பார்த்தால் தெற்குப் பக்கம்தான் வெடித்திருக்கும்.

மரத்தை வெட்டுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. ஒரு மரத்தை வெட்டுவதென்றால் முதல் நாள் சாயங்காலமே அந்த மரத்திடம் போவார். கோடாலியை அடிமரத்தில் சாய்த்து வைப்பார். "இருக்கிறவங்கல்லாம் இறங்கிப் போயிருங்க. நாளைக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார். மரத்தில் இருக்கிறவர்கள் யார் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. முனியோ பேயோ, அற்பாயுளில் போனவர்களோ. அவருடைய அய்யா அப்படிக் கேட்டார், அதனால் அவரும் கேட்டார். மறுநாள் விடிந்து போய்ப் பார்க்கும்போது கோடாலி சாய்த்தபடி நின்றால் உத்தரவு கிடைத்துவிட்டது என்று அர்த்தம். விழுந்து கிடந்தால் மரம் மறுத்துவிட்டது. மறுத்த மரத்தை அவர் மறுபடி கேட்கமாட்டார். ஒரு கை ஒரு மரத்தை ஒரு தடவைதான் கேட்கலாம். வேறொருவர் வந்து தன் கையால் கோடாலியைச் சாய்த்துக் கேட்டால் அதற்குத் தடை இல்லை.

கல்யாணத்துக்கு முன்னால் பசுமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வாகை மரம் வெட்டப் போயிருக்கிறார். அன்றைக்கே மரம் விழுந்தாக வேண்டும் என்று தோட்டக்காரர் அவசரப்படுத்தியதால் கேட்காமல் வெட்டிவிட்டார். மரம் வடக்கே விழவேண்டியது, திரும்பி மேற்கே விழுந்து அவருடைய இடது காலைப் பிடித்துக்கொண்டது. எலும்பு கோணலாகத்தான் கூடியது. நடக்கும்போது இடது பக்கம் தாழ்ந்து எழுவார். மரத்தைக் குறை சொல்லி அவர் பேசியதில்லை. "கேக்காம வெட்டுனது நான்" என்பதோடு நிறுத்திவிடுவார்.

நான் பிறந்த பிறகு, இந்தக் கதைக்கு முன்னால், இரண்டு மரம் அவருக்கு மறுத்திருக்கிறது. சாலையோரப் புளியமரம் ஒன்று, இலுப்பை மரம் ஒன்று. மரத்துக்குச் சொந்தக்காரர்கள் அவரைத் திட்டிவிட்டு வேறு ஆளை வைத்து வெட்டிக்கொண்டார்கள். அதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. "அவன் பாடு, மரத்துப் பாடு" என்றார்.

பெரியம்மாவைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். செல்லத்தாய் பிறந்து பதினைந்தாம் நாள், மூட்டத்துப் பொறி காற்றில் வந்து வீட்டுக் கூரை பற்றிக்கொண்டது. பெரியம்மா பிள்ளையை மட்டும் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். மற்றதெல்லாம் போயிற்று. அன்றிலிருந்து அவளுக்கு ஓட்டு வீடு கட்டவேண்டும் என்பது ஒன்றே எண்ணம். புஞ்சையின் வரப்போரம் அவளுடைய அப்பா வைத்த பதினொரு வேல மரங்கள் நின்றன. நல்ல வைரம் பாய்ந்தவை. உத்திரம், கைமரம், சட்டம் எல்லாம் அதில் எடுத்துவிடலாம், ஓடு மட்டும் வாங்கினால் போதும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அந்த மரங்களில் யாரும் ஒரு மிலாறுகூட ஒடிக்க முடியாது. நான் ஆட்டுக்கு ஒரு கிளையை வளைத்ததற்கு என் காதைத் திருகியிருக்கிறாள்.

எங்கள் கண்மாயின் உள்ளே நாட்டுக் கருவேல மரங்கள் கூட்டமாக நின்றன. நூற்றுக்கு மேல் இருக்கும். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்தால் அடிமரம் தண்ணீருக்குள் போய்விடும். கார்த்திகையில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் வக்காவும் வந்து அந்த மரங்களில் கூடு வைக்கும். மாசி கடைசியில் குஞ்சுகள் பறக்கத் தொடங்கும். பங்குனி பாதிக்குள் எல்லாம் போய்விடும். ஊரில் யாரும் அவற்றுக்காக ஒன்றும் செய்ததில்லை. எச்சம் விழுந்த தண்ணீர் பயிருக்கு நல்லது என்று மடைக்குக் கீழே வயல் வைத்திருந்தவர்கள் சொன்னார்கள். கண்ணி வைத்துக் கொக்கு பிடித்துத் தின்றவர்களும் இருந்தார்கள். அவை வந்தன, போயின, அவ்வளவுதான்.

மூன்றாம் வகுப்போடு என் பள்ளிக்கூடம் நின்றுவிட்டது. ஆடு மேய்க்கிற வேலை. கண்மாய்க் கரையில்தான் மேய்ப்பேன். ஆகையால் நாற்பத்து மூன்றாம் வருஷம் அங்கே நடந்ததில் பெரும்பகுதி நான் பார்த்தது.

அப்போது சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்கவில்லை. பஸ்களின் பின்னால் பெரிய இரும்புப் பீப்பாய் ஒன்றைப் பொருத்தி, அதில் கரியைப் போட்டு எரித்து, அந்த ஆவியில் வண்டி ஓட்டினார்கள். மேட்டில் ஏற முடியாமல் நிற்கும். ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள். அதனால் கரிக்கு முன் எப்போதும் இல்லாத கிராக்கி வந்தது. கண்மாய்க்குள் நின்ற மரங்களை ஏலம் விட்டார்கள். மதுரையில் பழைய ஊருக்குள் கரிக்கடை வைத்திருந்த அப்துல் லத்தீப் ராவுத்தர் எடுத்தார். பெரியப்பாவிடம் பத்து வருஷமாகக் கரி வாங்கி வந்தவர் அவர்தான். "பேயாண்டி போட்ட கரியத் தட்டுனா வெங்கலம் மாதிரி சத்தம் குடுக்கும்" என்று கடையில் வருகிறவர்களிடம் சொல்லுவாராம். வெட்டுகிற வேலையையும் மூட்டத்தையும் பெரியப்பாவிடமே ஒப்படைத்தார். மாசி மாதம் சிவராத்திரிக்குள் முதல் பத்து வண்டிக் கரி மதுரைக்கு வந்துவிட வேண்டும் என்று பேச்சு. பெரியப்பா சரி என்று சொல்லிவிட்டார்.

தை பாதியில் கண்மாய்த் தண்ணீர் கொஞ்சம் இறங்கியது. ஓரத்து மரங்களில் முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர். ஒருநாள் சாயங்காலம் பெரியப்பா கோடாலியோடு தண்ணீருக்குள் இறங்கினார். குளிர்ந்த தண்ணீரில் நின்றால் அவருக்கு அந்த இடது கால் குத்தும். ஓரமாக நின்ற முதல் மரத்தில் கோடாலியைச் சாய்த்தார். பிறகு உள்ளே நின்ற மரங்களைப் பார்த்தார். ஒவ்வொன்றாக ஒவ்வொரு சாயங்காலமும் கேட்பதென்றால் நூறு தடவை இந்தத் தண்ணீரில் இறங்க வேண்டும். அன்றைக்கு அவர் எப்போதும் செய்யாத ஒன்றைச் செய்தார்.

"இந்தக் கண்மாய்க்குள்ள மரத்துல இருக்கிறவங்கல்லாம் இறங்கிப் போயிருங்க. நாளைக்கு வாரேன்" என்று சத்தமாக, மொத்தமாகக் கேட்டுவிட்டு வந்தார்.

மறுநாள் காலையில் நான் ஆடுகளோடு கரையில் இருந்தேன். மடை திறந்து அடைக்கிற விருமாண்டியும் இருந்தார். பெரியப்பா தண்ணீருக்குள் போனார். கோடாலி சாய்த்தபடியே நின்றது. ஆனால் காம்பு முழுவதும் வெள்ளையாக இருந்தது. இரவெல்லாம் மேலே இருந்த பறவைகள் எச்சமிட்டிருந்தன. பெரியப்பா காம்பைப் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார்.

மரம் வெட்டுகிறவர்கள் விழுகிற திசைக்காக மரத்தை மேலே பார்ப்பது உண்டு. இது அப்படியில்லை. வெகுநேரம் பார்த்தார். ஒரே மரத்தில் ஏழெட்டுக் கூடுகள். கூட்டுக்குள் இறகு முளைக்காத குஞ்சுகள் கழுத்தை நீட்டிக்கொண்டு கத்தின. தாய்ப் பறவைகள் அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. ஒன்றும் எழுந்து போகவில்லை.

"என்ன மாப்ள, கோடாலி நிக்குதுல்ல? போட வேண்டியதுதான?" என்று கரையிலிருந்து விருமாண்டி கேட்டார்.

"நிக்குது மச்சான். அவுகதான் போகல."

"எவுக?"

பெரியப்பா மேலே கையைக் காட்டினார்.

"அட கூறு கெட்டவனே, கொக்கையா சொல்ற?"

"இருக்கிறவங்கன்னுதான கேட்டேன். பேயி, முனின்னு பிரிச்சா கேட்டேன்?"

"கொக்குக்கு எங்கிட்டுடா உன் பேச்சு வெளங்கும்?"

"பேயிக்கு மட்டும் வெளங்குமாக்கும்?" என்றார் பெரியப்பா. "இம்புட்டு நாளும் இருக்காகளா போயிட்டாகளான்னு எனக்குத் தெரியாது. கோடாலிய வச்சு நம்பிக்கிட்டேன். இன்னைக்குத்தான் கண்ணால பாக்கிறேன். போகலை."

"கோடாலி என்ன சொல்லுதுன்னு பாரு."

"அதான் சுண்ணாம்பு அடிச்சு அனுப்பியிருக்காகளே, பதிலு" என்று காம்பைத் தூக்கிக் காட்டினார். விருமாண்டி சிரித்துவிட்டார். பெரியப்பாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கோடாலியைத் தண்ணீரில் கழுவித் தோளில் போட்டுக்கொண்டு கரையேறினார். அன்றைக்கு வெட்டவில்லை. மறுநாளும் வெட்டவில்லை.

நாலாம் நாள் மத்தியானம், சேதி கேள்விப்பட்டு, லத்தீப் ராவுத்தர் வில்வண்டியில் வந்து இறங்கினார். தொழுகை நேரம். பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று கண்மாய் ஓரத்தில் உட்கார்ந்து ஒளு செய்தார். முகம் கை கால் எல்லாம் கழுவி எழுந்தபோது, மேலே பறந்த நாரை ஒன்று அவருடைய வெள்ளைத் தொப்பியில் எச்சமிட்டுவிட்டுப் போயிற்று.

"யா அல்லா!" என்று தொப்பியைக் கழற்றிப் பார்த்தார். "இதைக் காப்பாத்தத்தானா நீ கோடாலிய ஒளிச்சு வச்சிருக்க?"

தொப்பியை அலசிப் பிழிந்து, தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தார். பெரியப்பா நடந்ததைச் சொன்னார். ராவுத்தர் கேலி செய்யாமல் கேட்டுக்கொண்டார்.

"எம்புட்டு நாளாகும் இதுக பறக்க?"

"பங்குனி பெறக்கணும் ராவுத்தரே."

"சிவராத்திரிக்குக் கரி வேணும். எனக்குக் கொக்கு மேல விரோதமா? பஸ்ஸுக்காரன் நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கிறான். நான் குடுக்கலைன்னா அவன் வேற கடைக்குப் போறான். நீ வெட்ட மாட்டேன்னா சொல்லிரு. வெளியூரு ஆளுக இருவது பேர் தயாரா இருக்காங்க. ஒரு வாரத்துல கண்மாயத் தொடச்சு வச்சிருவாங்க. அவங்க கேக்கவும் மாட்டாங்க, மேல பாக்கவும் மாட்டாங்க."

பெரியப்பா மண்ணைக் கீறிக்கொண்டிருந்தார். "முதப் பத்து வண்டிய வேற மரத்துல குடுத்தா?"

"எந்த மரத்துக் கரின்னு பஸ்ஸுக்குத் தெரியவா போகுது? கருவேலுக்குக் கொறையாத மரமா இருக்கணும். பத்து வண்டி வந்துட்டா மிச்சத்துக்குப் பங்குனி வரைக்கும் பொறுப்பேன். மரத்துக்கு எங்க போவ?"

பத்து வண்டிக் கரிக்கு ஆகிற வைரமான மரம் பக்கத்தில் எங்கே நிற்கிறது என்று ராவுத்தரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அன்று பெரியம்மா வீட்டு வாசலில் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன். பெரியப்பா வந்து, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

பெரியம்மா சுளகைக் கீழே வைத்தாள். "ஏய்யா, கொக்குக்கு வீடு நிக்கணும்னு என் வீட்டு உத்திரத்தப் பிடுங்க வந்துட்டியா? உன் மூட்டத்துப் பொறியிலதான் என் கூரை எரிஞ்சது. பதினெட்டு வருசமாப் பாத்துக்கிட்டு நிக்கிறேன் அந்தப் பதினொரு மரத்த. கொக்கு உன்னைய மாமான்னு கூப்பிட்டுச்சாக்கும்?"

"உன் மரந்தான். நான் வெட்டிருவேன்னு சொல்லல. கேட்டுப் பாக்கிறேன். மறுத்துச்சுன்னா விட்டுர்றேன்."

"கேளு, கேளு. ஊர்ல இருக்கிற மரத்தையெல்லாம் கேளு. பொண்டாட்டியக் கேட்டியா?"

"உன்னையத்தான முதல்ல கேட்டேன்."

"நான் மாட்டேன்னுட்டேன்."

"அப்ப மரம் சொல்லட்டும்" என்று சொல்லி அவர் எழுந்து போனார். அது நியாயமில்லாத பேச்சுதான். அவர் அப்படிப் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை. சாயங்காலம் வரப்போரம் முதல் வேல மரத்தில் கோடாலியைச் சாய்த்துவிட்டு வந்தார். கண்மாயில் செய்த தப்பையே இங்கேயும் செய்தார். பதினொரு மரத்தையும் சேர்த்துத்தான் கேட்டார்.

மறுநாள் விடிகிற நேரத்தில் ஆடுகளை ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தேன். பெரியம்மா மரத்தடியில் நின்றிருந்தாள். கோடாலிக் காம்பைக் காலால் தட்டவில்லை, கையால் எடுத்து, சத்தம் வராமல் தரையில் கிடத்தினாள். நிமிர்ந்தபோது என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஆட்டப் பாத்து ஓட்டு. வெள்ளாமைக்குள்ள போகுது பாரு" என்றாள்.

ஆடுகள் வண்டிப்பாதையில்தான் போய்க்கொண்டிருந்தன. நான் ஓட்டிக்கொண்டு போய்விட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் பெரியப்பா வந்து பார்த்தார். விழுந்து கிடந்த கோடாலியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். வீட்டு மூலையில் அதை வைத்துவிட்டு, ராவுத்தரிடம் சொல்ல மதுரைக்கு நடந்தார். மறுநாள் திரும்பி வந்து, திங்கள்கிழமை வெளியூர் ஆட்கள் வருகிறார்கள் என்று சொன்னார். அப்போது வியாழக்கிழமை. அவ்வளவுதான் சொன்னார். பிறகு கண்மாய்க் கரைக்கு வந்து உட்கார்ந்துகொண்டார். மூட்டம் போடாத நாளில் அவருக்குக் கையை என்ன செய்வதென்று தெரியாது. ஒரு குச்சியால் மண்ணைக் கீறுவதும் மேலே பார்ப்பதுமாக இருந்தார்.

"அந்தா அந்தக் கூட்டுல மூணு. நேத்து நாலு இருந்துச்சு" என்று என்னிடம் ஒரு தடவை சொன்னார். "அந்த நீர்க்காகம் எறகக் காயப் போட்டுக்கிட்டே இருக்கும். தண்ணியிலயே கெடக்கிறதுக்குத் தண்ணி ஒட்டாத எறகக் குடுக்கலை பாரு." இத்தனை வருஷம் மரத்தோடு வேலை செய்தவர், அதில் இருக்கிறவற்றை அந்தச் சில நாளில்தான் பார்க்கக் கற்றுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பெரியம்மா தூக்குச்சட்டியில் கஞ்சி கொண்டுவந்தாள். வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறவனுக்குக் கஞ்சி ஒரு கேடா என்று சொல்லிக்கொண்டேதான் வந்தாள். அவர் சட்டியை வாங்கிப் பக்கத்தில் வைத்தார், குடிக்கவில்லை.

"அவிங்க வந்து வெட்டுனா உனக்கென்னய்யா? 'அவன் பாடு, மரத்துப் பாடு'ன்னு நீதான சொல்லுவ?"

"அந்தப் புளியமரமும் இலுப்பையும் மாட்டேன்னுச்சு. விட்டுட்டு வந்தேன். அதுக்கும் எனக்கும் பேச்சு முடிஞ்சுபோச்சு" என்றார். "இங்க காலி பண்ணுங்கன்னு நான் சொல்லியிருக்கேன். காலி பண்ணுன்னு சொல்லிட்டு, புள்ளையத் தூக்கிக்கிட்டு வெளிய வர்றதுக்குள்ள கூரையப் பிரிக்கலாமா ஒச்சாயி?"

பெரியம்மா கண்மாய்ப் பக்கம் திரும்பினாள். எதிரே மரத்தில் ஒரு கொக்கு, வெயில் படாமல் குஞ்சுகளின் மேல் சிறகை விரித்து நின்றது. அதைப் பார்த்தாளா வேறு எதையாவது பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. "கஞ்சியக் குடி. ஆறுது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயங்காலம் பெரியம்மா மூலையில் கிடந்த கோடாலியை எடுத்துக்கொண்டு புஞ்சைக்குப் போனாள். ஆடுகளை அடைக்க வந்த நான் தூரத்திலிருந்து பார்த்தேன். மரம் வெட்டத் தெரியாதவள் கோடாலியைப் பிடிப்பதுபோல, காம்பின் நடுவில் பிடித்திருந்தாள். முதல் மரத்தில் அதைச் சாய்த்தாள். அது வழுக்கியது. மறுபடி சாய்த்தாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சத்தமாகச் சொன்னாள்:

"இந்தா, இருக்கிறவங்கல்லாம் கேட்டுக்கங்க. கேக்கிறது ஒச்சாயி. எங்கப்பன் வச்ச மரம். எனக்கு வேற வழி தெரியல. இறங்கிப் போயிருங்க."

அடுத்த மரத்துக்குப் போனாள். அவள் கையில் இருந்தது ஒரே கோடாலிதான். அதனால் மற்றப் பத்து மரங்களிலும் உள்ளங்கையை வைத்து வைத்துக் கேட்டாள். பெரியப்பாவைப்போல மொத்தமாகக் கேட்கவில்லை. முடிந்து வரும்போது நன்றாக இருட்டிவிட்டது.

சனிக்கிழமை காலையில் அவரை அவளே கூட்டிக்கொண்டு போனாள். கோடாலி நின்றது. பெரியப்பா அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். முன்பு எப்படி விழுந்தது என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. காற்றில் விழுந்த கோடாலி எப்படிக் கிடக்கும், கிடத்திய கோடாலி எப்படிக் கிடக்கும் என்று முப்பது வருஷம் கோடாலி பிடித்தவருக்குத் தெரியும்.

"உன் கைக்குக் குடுத்துருச்சு" என்றார்.

"என் கைக்குக் குடுக்காம உன் கைக்கா குடுக்கும்? ம், போடு. பாத்துக்கிட்டே நிக்காத. ராவுத்தருக்கு ஆள் விட்டுச் சொல்லு, திங்கக்கிழமை எவனும் வரக்கூடாதுன்னு" என்றாள் பெரியம்மா. முதல் வெட்டு விழுவதற்குள் அவள் வீட்டுப் பக்கம் திரும்பி நடந்துவிட்டாள். பதினொரு மரமும் விழுகிறவரை அந்தப் பக்கம் வரவில்லை.

நாலு மூட்டம் புஞ்சையிலேயே எரிந்தது. சிவராத்திரிக்கு இரண்டு நாள் முன்னால் பத்து வண்டிக் கரி மதுரைக்குப் போயிற்று. ராவுத்தர் ஒரு துண்டைத் தட்டிக் காதில் வைத்துக் கேட்டாராம். சொன்ன சொல்படி பங்குனிவரை பொறுத்தார்.

மாசி முடியும்போது குஞ்சுகள் கிளைக்குக் கிளை தாவின, தண்ணீரில் விழுந்து எழுந்தன, பிறகு பறந்தன. எல்லாம் பறக்கவில்லை. சில செத்தன, சிலவற்றைப் பருந்து தூக்கியது. பங்குனி பத்தாம் தேதிவாக்கில் மரங்கள் வெறுமையாக இருந்தன. கண்மாயும் வற்றியிருந்தது. பெரியப்பா ஒவ்வொரு மரமாகக் கேட்டார். மொத்தமாகக் கேட்டபோது கோடாலி ஒரு மரத்தில்தான் சாய்ந்திருந்தது, அதனால் மற்ற மரங்களைக் கேட்டதாகக் கணக்கில்லை என்று விருமாண்டியிடம் சொன்னார். அந்த முதல் மரத்தைத் தன் கையால் மறுபடி கேட்கக்கூடாது என்று விட்டுவிட்டார். உள்ளே நின்றவற்றில் மூன்று மரங்களில் கோடாலி விழுந்து கிடந்தது. நான் தள்ளவில்லை. பெரியம்மா தள்ளினாளா என்று நான் கேட்கவும் இல்லை. மிச்சத்தையெல்லாம் வெட்டினார். ஆடி வரைக்கும் கண்மாய்க்குள் புகை இருந்தது. வெட்டிய மரங்கள் அத்தனையும் பஸ்ஸில் எரிந்துபோயின.

வெட்டாமல் நின்ற அந்த நாலு மரத்தையும் சேர்த்து ஏலத்தில் எடுத்தவர்தான் ராவுத்தர். வெட்டித் தா என்று கேட்டிருக்கலாம். "மாட்டேன்னு சொன்ன மரத்தப் போட்டு பஸ் எங்கயாவது கவுந்துறப் போகுது" என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டார்.

அந்த வருஷம் கார்த்திகையில் பறவைகள் வந்தன. இரண்டு நாள் கண்மாயைச் சுற்றிப் பறந்தன. பெரும்பாலானவை மேற்கே வேறு கண்மாய்க்குப் போய்விட்டன. கொஞ்சம் மட்டும் அந்த நாலு மரத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கூடு வைத்தன. நல்ல மழை. பெரியம்மா வீட்டுக் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. குடத்தையும் சட்டியையும் ஒழுகுகிற இடத்தில் வைத்துவிட்டு, "ஏய்யா, கொக்கு வீட்டுல ஒழுகலையா? போய்க் கேட்டுட்டு வா" என்றாள். பெரியப்பா கேட்கிறேன் என்று சொல்லி, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கண்மாய்ப் பக்கம் போனார். மழை விட்ட பிறகுதான் திரும்பி வந்தார். "அங்கயும் ஒழுகத்தான் செய்யுது" என்றார்.

ஓட்டு வீடு இதுவரை கட்டவில்லை. செல்லத்தாய் கல்யாணம் அந்தக் கூரைக்கு முன்னால் பந்தல் போட்டுத்தான் நடந்தது. வெட்டிய வேல மரங்களின் தூரிலிருந்து துளிர்த்த கன்றுகளுக்குப் பெரியம்மா முள் வைத்து அடைத்திருக்கிறாள். இப்போதும் யாரும் அதில் ஆட்டுக்கு ஒரு கிளை ஒடிக்க முடியாது. பெரியப்பா இப்போதும் மரம் வெட்டுகிறார். சாயங்காலம் கோடாலியைச் சாய்த்து, எப்போதும் சொல்வதைச் சொல்கிறார். பிறகு உடனே திரும்பி வந்துவிடுவதில்லை. தலையை நிமிர்த்தி, கிளை கிளையாகப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்.